கவ்வாத்துச் சாமியும் எங்களூர் அண்ணமாரும்

யாழ்ப்பாணம்,
பங்குனி மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் நோவு குறைந்து படியேறத் தொடங்கிவிட்டாய் என்று வாசித்ததும் வீட்டில் எல்லாருக்கும் பெரிய ஆறுதல். இங்கே நாங்கள் சுகம். மாரி இம்முறை நல்லாய்ப் பெய்தது, கிணற்றில் தண்ணீர் இன்னும் மேலேதான் நிற்கிறது. மூத்தவள் பிள்ளைகளோடு சித்திரை வருடப்பிறப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மாசியில் மலைநாட்டுக்குப் போய் வந்தேன். எங்கள் வீட்டில் தங்கிக் கம்பஸில் படித்த கந்தப்பளைப் பெடியனை உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது தன் ஊருக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான். "சேர், ஒருக்கா வாங்க" என்று எத்தனையோ வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன். பனங்கிழங்கும் ஒடியலும் பனங்கட்டியும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

மாத்தளையில் முதலில் இறங்கினேன். எங்கள் ஒழுங்கை போய் ஏறுகிற அதே கண்டி வீதிதான் அங்கே முத்துமாரியம்மன் கோயிலடியாலும் போகிறது. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கொண்டுவந்த காலத்தில், மன்னார்க் கரையில் இறங்கிய சனம் காட்டுவழியே நடந்து மாத்தளையில்தான் மலையேறியிருக்கிறது. வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் மாரியம்மனுக்கு முன்னால் நின்று என்ன சொல்லி அழுதிருப்பார்கள் என்று நினைத்தபடி வெகுநேரம் அங்கே இருந்தேன். 1983 இல் எரித்த கோயில் அது. இன்று 108 அடிக் கோபுரத்தோடு நிற்கிறது. மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டானதை நினைத்து 2023 இல் தலைமன்னாரிலிருந்து நடந்தவர்களும் மாத்தளையில்தான் தங்கள் நடையை முடித்தார்கள்.

கண்டி தாண்டி றம்பொடை ஏற்றத்தில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது, கீழே கொத்மலை நீர்த்தேக்கம் ஒரு வளைவில் தெரிந்தது, அடுத்த வளைவில் புகார் மூடிவிட்டது. சின்மயா மிஷன் கட்டிய அனுமார் கோயில் அந்த மலையில்தான் இருக்கிறது. சீதா எலியவில் ஓடைக்கரையோடு இருக்கிற சீதையம்மன் கோயிலுக்கும் போனேன். பாறையில் இருக்கிற குழிகளை அனுமாரின் பாதச் சுவடு என்று கும்பிடுகிறார்கள். ஓடையும் அதற்குப் பின்னால் நிற்கிற காடும் மிக வடிவு. ஆனால் சுற்றுலா பஸ்களும் படம் எடுக்கிற சனமுமாக இருந்ததில் மனம் ஒருமிக்கவில்லை. அதைவிட ஹக்கலைப் பூங்காவில் நின்றது பிடித்தது. 1861 இல் சிங்கோனா மரம் வளர்த்துக் கொயினா மருந்து எடுப்பதற்காகத் தொடங்கிய இடமாம்.

உனக்கு எழுத வந்தது இதையெல்லாம் அல்ல. கந்தப்பளைக்கு மேலே அவர்களுடைய தேயிலைத் தோட்டத்து டிவிசனில் நான் கண்ட சாமிகளைப் பற்றித்தான்.

விடியப்புறம் ஆறு மணிக்கு வெளியே வந்தால் முன்னால் நிற்கிற சவுக்கு மரம்கூடத் தெரியவில்லை. புகாருக்குள்ளே பேச்சுக் குரல் மட்டும் கேட்கிறது, பேந்துதான் ஆக்கள் தெரிகிறார்கள். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் மலைக்கு ஏறுமுன் பாதையோரத்தில் ஒரு கல்லுக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மரம், அதன் அடியில் குங்குமம் அப்பிய கல், துருப்பிடித்த சூலம். கூரை இல்லை, சுவர் இல்லை. பெடியனுடைய தாயைக் கேட்டேன். "அது கவ்வாத்துச் சாமிங்க ஐயா" என்றார்.

சில வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்குத் தறித்துவிடுவார்கள், அதுதான் கவ்வாத்து. கத்தி சறுக்கினால் கையோ காலோ போய்விடும். அதனால் வெட்டத் தொடங்குமுன் அந்தச் சாமிக்குப் படையல். அதேபோல தொழிற்சாலையில் பெரிய சக்கரம் சுற்றுகிற இடத்தில் ரோதை முனி. இயந்திரம் ஆளைப் பிடிக்காமல் காக்கிற முனி அவர். யோசித்துப் பார் மச்சான். எந்தப் புராணத்திலும் இல்லாத சாமிகள் இவை. எங்கே ஆபத்து இருந்ததோ அங்கே ஒரு சாமியை நிறுத்தியிருக்கிறார்கள். கங்காணியும் துரையும் கேட்காத முறைப்பாட்டைக் கேட்க அவர்களுக்கு வேறு யார் இருந்தார்கள்? அந்தக் கல்லைப் பார்த்தபோது என் கண் கலங்கிவிட்டது.

மாசி மாதம் என்பதால் டிவிசனில் காமன் கூத்துக்குக் காமன் ஊன்றியிருந்தார்கள். இரவில் தப்புச் சத்தம் லயங்கள் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகளைச் சுற்றி மலையெங்கும் கேட்கும். ரதியாகவும் மதனாகவும் வேடம் கட்டுகிறவர்கள் பகலில் தோட்டத்தில் வேலை செய்கிற பெடியள்தான். பூசை வைக்கிறவரும் தொழிலாளிதான். சிவாச்சாரியார் இல்லை, மந்திரம் இல்லை, வாயில் வந்த தமிழில் வேண்டுதல்.

இதைப் பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்கு எங்களூர்தான் ஞாபகம் வந்தது. எங்கள் சிறுவயதில் குளத்தடி மருதமரத்தின் கீழ் அண்ணமார் இருந்தார், உனக்குத் தெரியும். விறுமர், பெரியதம்பிரான், நாச்சிமார் என்று ஒவ்வொரு குறிச்சிக்கும் ஒரு தெய்வம். இன்று எத்தனை மிச்சம்? அண்ணமார் பிள்ளையாராகிவிட்டார். கண்ணகி அம்மன் கோயில்கள் ராஜராஜேஸ்வரி கோயில்களாகவும் புவனேஸ்வரி கோயில்களாகவும் மாறிவிட்டன. ஆறுமுக நாவலர் பெருமான் உயிர்ப்பலியைக் கண்டித்தது நியாயம், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பலியோடு சேர்த்து அந்தத் தெய்வங்களின் பெயரையும் கதையையும், அவற்றுக்குப் பூசை செய்த எளிய சனத்தின் உரிமையையும் அல்லவா துடைத்துவிட்டோம். பொங்கி மடைபோட்ட குடும்பம் இன்று அதே கோயிலில் வெளிவீதியில் நிற்கிறது. இது எனக்கு ஆறாத துக்கம்.

அங்கேயும் அது தொடங்கிவிட்டது. அடுத்த டிவிசனில் மாரியம்மனுக்குக் கோபுரம் எழும்புகிறது. கும்பாபிஷேகத்துக்கு வெளியிலிருந்து குருக்கள்மார் வருவார்களாம். பாதையோரக் கல்லையும் உள்ளே கொண்டுபோய்ப் பரிவார தெய்வமாக வைப்பதாகப் பேச்சு. வைக்க வேண்டாம் என்று பெடியனிடம் சொன்னேன். அவன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கோபுரம் கட்டுன கோயில யாரும் லேசுல அசைக்க முடியாது சேர்" என்றான்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 1948 இல் இந்தச் சனத்தின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இலங்கை, இந்திய அரசுகள் இரண்டும் எழுதி வைத்தன. அவனுடைய தாயின் தமையன் குடும்பம் அப்படித்தான் தலைமன்னாரில் கப்பலேறி, இன்று நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலை பறிக்கிறது. போன இடத்திலும் மலை, புகார், கொழுந்து. இங்கே நின்றவர்களுக்கு வீட்டுத் திட்டத்தில் பெரும்பாலும் கிடைத்தது ஏழு பேர்ச் காணி. எங்கள் கணக்கில் ஒரு பரப்புக்கும் குறைவு. அதுவும் இன்னும் எத்தனையோ பேருக்குக் கைக்கு வரவில்லை. மழை இரவுகளில் அந்தத் தாய் நித்திரை கொள்வதில்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை அவர் மறக்கவில்லை. சொந்த மண் இல்லாத சனத்துக்குக் கோபுரம்தான் காணி உறுதி என்றால், வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனாலும் அந்தக் கல் அந்த மரத்தடியில்தான் இருக்க வேண்டும் என்கிற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. கோபுரமும் எழும்பட்டும், கவ்வாத்துச் சாமியும் வெட்டவெளியில் நிற்கட்டும்.

ஒருநாள் இருட்டோடு ஹோட்டன் சமவெளிக்குக் கூட்டிப்போனான். உலக முடிவில் நின்று கீழே பார்த்தால் 800 மீற்றருக்கு மேல் செங்குத்துப் பள்ளம். பத்து மணிக்குள் புகார் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும் என்பதால்தான் அந்த அவசரம். புல்வெளியில் மரைகள் நின்றன. மரமெல்லாம் பாசி தொங்க, இலை நுனியில் புகார் துளியாகி ஓயாமல் சொட்டுகிறது. மகாவலிக்கும் களனிக்கும் வளவை கங்கைக்கும் போகிற தண்ணீர் அங்கே அப்படித்தான் சேர்கிறது. ஆறே இல்லாத ஊரில் பிறந்த எனக்கு, காலடியில் ஊறுகிற அந்தத் தண்ணீரை மிதிக்கவே கூச்சமாக இருந்தது.

உன்னிடம் ஒரு உதவி. மட்டக்களப்புக்குப் போன புதிதில் கண்ணகி அம்மன் சடங்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவாய். கட்டாடியார் என்கிற ஊர்ப் பூசாரி பூசை வைக்க, ஊரே கூடி நின்று தமிழில் காவியம் படித்து, அம்மனைக் குளிர்விக்கிற குளிர்த்தி ஆடுவதை எழுதியிருந்தாய். அந்தப் பெடியனை இந்த வைகாசியில் அங்கே கூட்டிவர நினைக்கிறேன். பழைய முறையை விடாமலே ஒரு கோயில் மதிப்போடு நிற்கலாம் என்பதை அவன் தன் கண்ணால் காணவேண்டும். தன் டிவிசன் ஆக்களிடம் அவன் சொன்னால் எடுபடும், நான் சொன்னால் எடுபடாது. உங்கள் பக்கத்தில் எந்தக் கோயிலில் எந்தத் திகதியில் குளிர்த்தி என்று விசாரித்து உடனே எழுது. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்க அவனுக்கு முன்கூட்டியே தெரியவேண்டும்.

அவன் தந்த தேயிலையில் பாதியை உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்.