கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள் பற்றி வன்னியின் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் இயங்கும் விளையாட்டுக் கழகங்கள், சனசமூக நிலையங்கள், வாசிகசாலைகள் ஆகியவற்றின் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லோருக்கும்,

வணக்கம்.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் பதாகை வடிவமைக்கிறவன் நான். உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது. ஆனால் உங்கள் பெயர்கள் எனக்கு மனப்பாடம். எந்தக் கழகத்துக்கு யார் தலைவர், போன வருடம் கோபித்துக்கொண்டு போய்ப் புதுக் கழகம் தொடங்கியவர் யார், கனடாவிலிருந்து அனுசரணை தருகிறவர் யார் என்பதெல்லாம் நான் தட்டச்சுச் செய்யும் வரிகளில்தான் வருகின்றன. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். என் பிழைப்பில் நானே மண் அள்ளிப் போடுகிற வேலைதான். முதலாளி வாசித்தால் வாசிக்கட்டும்.

பெயர்பெற்ற ஒருவர் இறந்தால் சந்திக்குச் சந்தி கண்ணீர் அஞ்சலி கட்டுகிறோம். ஆனால் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டுகிறோம். எங்கள் திடலில் விளையாடி, எங்கள் கோவில் முன்றலில் ஆடிப் பாடி, எங்களுக்குள்ளேயே இறந்துபோனவர்களுக்கு அதுவும் கிடைப்பதில்லை. இந்த இரண்டையும் நீங்கள் நினைத்தால் மாற்றலாம் என்று நம்புகிறேன்.

முதலில் பதாகை. 2020 செப்டெம்பர் 25 அன்று எஸ். பி. பாலசுப்பிரமணியம் போனார். அதே வருடம் நவம்பர் 25 அன்று மரடோனா. 2022 மார்ச் 4 அன்று ஷேன் வோர்ன், டிசெம்பர் 29 அன்று பெலே. 2023 டிசெம்பர் 28 அன்று விஜயகாந்த். அது நடந்து ஒரு மாதம் ஆகுமுன் இளையராஜாவின் மகள் பவதாரிணி கொழும்பில் 47 வயதில் காலமானார். ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓடர் வரும். என் கணினியில் இதற்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது. கறுப்புப் பின்னணி, மூலையில் எரிகிற விளக்கு, நடுவில் 'ஈடு செய்ய முடியாத இழப்பு'. படத்தையும் பெயரையும் மாற்றினால் சரி. பாட்டுக்காரருக்கு 'இசை உலகின்' என்று போடுவேன், மரடோனாவுக்கு 'உதைபந்து உலகின்' என்று போடுவேன். தோற்றம், மறைவு என்ற இரண்டு இடத்துக்கும் திகதி கேட்டால், "நெற்றில பாருங்கோ அண்ணை" என்று பதில் வரும். ஆனால் அனுசரணையாளர் பெயரில் ஓர் எழுத்துக்குக் குற்று விடுபட்டால் மூன்று பேர் தொலைபேசி எடுப்பார்கள். உயிரோடு இருக்கிற நடிகர் ஒருவருக்கும் ஒருமுறை ஓடர் வந்தது. வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதாம்.

அவர்களை நினைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பாலுவுக்கு வன்னியில் அழ ஆள் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. போரின்போது வன்னிக்குப் போட்டிருந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி உள்ளே வராது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில்தான் வானொலியும் கசெற்றும் கேட்டோம். சுற்றுகிறவன் களைத்தால் கசெற் இழுபடும். நல்ல இளமையாகப் பாடிக்கொண்டிருந்த பாலு ஒரு சரணத்துக்குள் கிழவனாகிவிடுவார். "டேய், சுத்தடா!" என்று நாலு பேர் கத்துவார்கள். இப்போது 45 வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இந்தக் கதை இருக்கும். பதாகையில் அது வந்ததா? அதை விடுங்கள், அன்று பின்னேரம் வாசிகசாலை வாசலில் கதிரை போட்டு, பழைய ஆட்களைக் கூப்பிட்டு, அந்தக் கதைகளைச் சொல்ல வைத்தோமா?

ஷேன் வோர்னையே எடுங்கள். 708 டெஸ்ட் விக்கெட் என்பது எல்லாருக்கும் தெரியும். அவருடைய 500ஆவது விக்கெட் விழுந்தது எங்கள் நாட்டில், காலியில், 2004 மார்ச்சில். அடுத்த ஆட்டத்தில் கண்டியில் முரளி தன் 500ஆவதை எடுத்தார். போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்த, வன்னிக்குள்ளால் போகிற ஏ9 வீதி திறந்திருந்த காலம் அது. இதை இரண்டு வரியில் போட்டிருந்தால் பதாகையைப் பார்த்து நிற்கிற பெடியனுக்கு ஏதாவது கிடைத்திருக்கும். நாங்கள் போட்டது 'சுழலின் மன்னனே, ஏன் பிரிந்தாய்?' எழுதியவன் நான் இல்லை. வட்ஸ்அப்பில் அப்படியே வந்தது, அப்படியே அடித்தேன்.

(முப்பத்தொராம் நாள் காரியம் முடிந்த பிறகு இந்தப் பதாகைகள் எங்கே போகின்றன என்று உங்களுக்குத் தெரியும்தானே? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கோழிக்கூட்டுக்கு மேல் பெலே இருக்கிறார். மழைக்கு நல்லதாம்.)

இனி, ஓடரே வராத ஒருவர். 2024 ஏப்ரலில், தனது 89ஆவது வயதில், நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் காலமானார். எங்கள் கடைக்கு ஒரு கழகமும் வரவில்லை. பெயரைச் சொன்னபோது, "அது ஆரண்ணை?" என்று கேட்டவர்களில் உதைபந்துப் பயிற்றுவிப்பாளர் ஒருவரும் அடக்கம். சரி, ஆர் என்று சொல்கிறேன். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படித்தவர். உயரம் பாய்தல் வீரர். 1952இல் ஹெல்சிங்கி, 1956இல் மெல்பேர்ன் என்று இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டவர். 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். சிங்களவர், தமிழர், முஸ்லிம் எவரும் அதற்கு முன் கொண்டுவந்ததில்லை. நான்கு வருடம் கழித்து ஜகார்த்தாவில் வெள்ளியும் எடுத்தார். பிறகு அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்வித்துறையில் வேலை செய்தார்.

2.03 மீற்றர் என்பது எங்கள் வீடுகளில் பாதிக்கு மேல் கதவு நிலையின் உயரம். அதற்கு மேலால் ஒரு மனிதன் பாய்ந்திருக்கிறான். முதுகைக் கீழே காட்டிப் பாய்கிற இன்றைய முறை உலகத்துக்கு வர இன்னும் பத்து வருடம் இருந்தது. விழுவதற்கு இப்போது போடுகிற தடித்த மெத்தையும் அப்போது இல்லை. வருகிற வருடம் பள்ளிக்கூடங்களின் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கும்போது, திடலின் ஓரத்தில் இரண்டு கம்பு நட்டு, 2.03 மீற்றரில் ஒரு கயிறு கட்டுங்கள். பிள்ளைகளை அதற்குக் கீழே கூட்டிப்போய் நிறுத்தி, இது இன்னார், இன்ன ஆண்டு, இன்ன இடம் என்று ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். கம்பும் கயிறும் எல்லாத் திடலிலும் இருக்கும். எனக்கு ஓடர் தர வேண்டியதில்லை.

அரசியல்வாதிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். சம்பந்தன் ஐயா 2024 ஜூன் 30 அன்று 91 வயதில் போனார், மாவை சேனாதிராஜா 2025 ஜனவரி 29 அன்று போனார். அவர்களை நினைக்கவும் திட்டவும் கட்சிகள் இருக்கின்றன. ஆனால் 2021 ஏப்ரல் 1 அன்று காலமான மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகையை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அவருக்கு நாங்கள் அடித்த பதாகைகளில் வெள்ளைப் புறா இருந்தது, மெழுகுதிரி இருந்தது. 146,679 என்ற எண் இருக்கவில்லை. 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் போய் இருந்து, 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்ததாகக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) கணக்கு சொன்ன 429,059 பேரில், பிறகு அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்த 282,380 பேரைக் கழித்து, மிச்சம் எங்கே என்று கேட்டவர் அவர். கேட்டது எங்களுக்காக. அந்த எண்ணை ஒரு பதாகையில் அடிக்க எனக்குக் கை நடுங்கியிருக்கும், உண்மைதான். ஆனால் வாசிகசாலைக்குள் ஒரு தாளிலாவது எழுதி ஒட்டியிருக்கலாம்.

போரில் போனவர்களை நினைக்கிற மே மாதத்தையும் கார்த்திகை மாதத்தையும் நான் இங்கே கொண்டுவரவில்லை. அந்த நினைவுகளுக்கு அவற்றுக்கான நாளும் ஆட்களும் இருக்கிறார்கள். நான் பேசுவது பந்தடித்தவர்கள், பாடினவர்கள், ஆடினவர்கள் பற்றி.

இங்கேதான் எனக்குப் பெரிய மனக்குறை. எங்கள் ஊர்களில் ஒரு காலத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கப் போன விளையாட்டுக்காரர்கள் இருந்தார்கள். கரப்பந்தில் ஒருவர் அடித்தால் எதிர்ப்பக்கம் கையைத் தூக்காது என்பார்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் இருந்தார்கள். முள்ளியவளையில் கோவலன் கூத்தும், மற்ற இடங்களில் காத்தவராயனும் பண்டாரவன்னியனும் விடிய விடியப் போகும். மத்தளக்காரர் யார், ஆர்மோனியம் யார், கண்ணகிக்கு ஆடின ஆம்பிளை யார் என்று அம்மாமார் வரிசையாகச் சொல்வார்கள். இப்போது அந்த ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகப் போகிறார்கள். பிள்ளைகள் என்னிடம் வருவார்கள், கையில் அடையாள அட்டை. "இதில இருக்கிற படம்தான் அண்ணை, வேற ஒண்டும் இல்லை." அந்தக் குட்டிப் படத்தை ஆறடிக்குப் பெருப்பித்தால் என்ன வரும்? மூக்கும் கண்ணும் கரைந்து ஒரு நிழல் வரும்.

ஏன் இல்லை என்பதும் தெரியும். 2008, 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோது எதை எடுத்தோம், எதை விட்டோம்? கழகத்தின் கூட்டக் குறிப்புக் கொப்பி, கேடயங்கள், சான்றிதழ், கலியாண அல்பம் எல்லாம் பங்கருக்குள்ளும் பாலத்தடியிலும் போயின. யாழ்ப்பாணத்துப் பழைய கழகம் ஒன்று நூற்றாண்டு மலர் போடும்போது அதற்கு அலுமாரி இருக்கிறது. எங்களுக்கு ஆட்களின் தலைக்குள் இருப்பது மட்டும்தான். அந்தத் தலைகளும் எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டன.

கற்சிலைமடுவில் இருந்த கல்லை நினைத்துப் பாருங்கள். 1803 ஒக்டோபர் 31 அன்று இந்த இடத்தில் பண்டாரவன்னியனை ஆங்கிலேயரின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தான் என்று ஆங்கிலத்தில் வெட்டிய கல். எங்கள் அரசன் நின்ற இடத்தையும் திகதியையும் கல்லில் எழுதி வைத்தது வென்றவனின் பக்கம். நாங்கள் கூத்தாகப் பாடினோம், அது பெரிய விஷயம்தான், ஆனால் திகதி கல்லில் இருந்துதான் வந்தது. அந்தக் கல்லும் பிறகு உடைபட்டது.

குடும்பங்கள் தங்கள் பங்கைச் செய்கின்றன. முப்பத்தொராம் நாளுக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கிறார்கள், தேவாரம் போடுகிறார்கள், வம்ச விருட்சம் போடுகிறார்கள், யார் யார் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று போடுகிறார்கள். ஆனால் அந்த மனிதர் எந்த வருடம் எந்த அணிக்கு எந்த இடத்தில் விளையாடினார், எந்த அண்ணாவியாரிடம் பழகினார் என்று குடும்பத்துக்குத் தெரியாது. அது கழகத்துக்கும் கூடப் பழகினவர்களுக்கும்தான் தெரியும். ஆகவே அந்தப் பக்கத்தை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அடித்த கல்வெட்டில் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பலாம். 2005இலிருந்து எங்கள் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் நினைவு மலர்களையும் எண்ணிமமாக்கி இணையத்தில் வைக்கிறார்கள். உலகத்தில் எங்கே இருந்தும் பேரப்பிள்ளை திறந்து பார்க்கலாம்.

இருக்கிறவர்களிடம் இப்போதே கேளுங்கள். 2023இல் எழுபது வயதைத் தாண்டியபின் பிலிப்பைன்ஸ் போய், மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்று வந்த முள்ளியவளை அம்மாவை எல்லோரும் மாலை போட்டு வரவேற்றோம். நல்லது. சின்ன வயதில் எந்த ஒழுங்கையில் ஓடினா, சப்பாத்து இருந்ததா, ஓட வேண்டாம் என்று வீட்டில் ஆர் சொன்னது என்று கேட்டு எழுதிக் கழகத்தில் வைத்திருக்கிறோமா? கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்ய ஒரு சதமும் செலவில்லை. தம்பிமார் மாறி மாறிச் செல்பி எடுக்கிற நேரத்தில் ஒரு ஆளின் வாழ்க்கையையே கேட்டுவிடலாம். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களிடம் காசு மட்டும் கேட்காதீர்கள், 1980களில் அவர்களுக்குக் கடிதத்தோடு அனுப்பின படங்கள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பல வீட்டுப் படங்கள் அங்கேதான் தப்பியிருக்கின்றன.

என் பக்கத்திலிருந்து ஒரு பேச்சு. ஊரில் விளையாடின, பாடின, ஆடின ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு எந்தக் கழகம் வந்தாலும், தட்டச்சுக்கும் வடிவமைப்புக்கும் நான் காசு வாங்க மாட்டேன். தாளுக்கும் மைக்கும் முதலாளியோடு கதைத்துக் கொள்ளுங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பெயர், ஊர், ஆண்டு, கூட விளையாடினவர்கள் பெயர் இருக்க வேண்டும். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் 'பெரிய வெள்ளம் வந்த வருடம்' என்றே எழுதுங்கள், பிறகு பார்த்துப் போடலாம். பழைய படத்தை ஒட்டவோ ஓரத்தை வெட்டவோ செய்யாமல் அப்படியே கொண்டு வாருங்கள். அனுசரணையாளர் பெயர் ஒரு வரிக்கு மேல் போட மாட்டேன், அவர்களின் படம் போடவே மாட்டேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் வேலை தலைக்கு மேல் இருக்கும், அந்த மாதம் மட்டும் வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பதாகைகளை அடிக்கிறவன்