சூடேறியதும் நிற்கும் வண்டி: மகளுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு அந்த நினைப்பாகவே இருக்கிறது. காலையில் நம் அம்பாசிடர் ஒரே செல்ஃபில் கிளம்புகிறது, அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. முக்கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது என்றாய். பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள், பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலை மாற்றினார்கள், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரைக் கழுவினார்கள். இப்போது எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்களாம். பிரிக்க விடாதே. மூட்டு அறுவைக்குப் பிறகு மைசூர்வரை உட்கார்ந்து வர என்னால் முடியவில்லை. போனில் சொன்னால் பாதி மறந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். இந்தக் காகிதத்தை டேஷ்போர்டுக்குள் வைத்துக்கொள்.

உனக்கு ஆறு வயது இருக்கும்போது இதே அம்பாசிடரில் நாம் மைசூருக்குப் போனோம். பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு திம்பம் மலை ஏறினோம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதியில் வண்டி நின்றது. சித்திரை வெயில், முழு ஏற்றம், இரண்டாவது கியர். நான் யோசிக்கவே இல்லை. பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொண்டது என்று முடிவு கட்டி, உன் அம்மாவின் பழைய துண்டை நனைத்துப் பம்பின்மேல் போட்டேன். டாக்சி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். அரை மணியில் கிளம்பியது. என் கணிப்பு சரிதான் என்று நினைத்தேன். மேலே போய் மறுபடி நின்றது, மறுபடி ஈரத்துணி, மறுபடி கிளம்பியது. ஆசனூர் தாண்டி, ஏற்றமே இல்லாத சாலையில் மூன்றாவது முறை நின்றது. நீ பின்சீட்டில் அழுதுகொண்டிருந்தாய்.

எதிரே வந்த ஒரு மைசூர் டாக்சிக்காரர் இறங்கி வந்தார். என்னை விட வயதில் மூத்தவர். பம்பைத் தொடவே இல்லை. காயிலின் நடு ஒயரைக் கழற்றிப் பிடித்து, என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். மஞ்சளாக, நூல்போல ஒரு பொறி வந்தது. பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால், உள்ளே கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட்டின் முனை கருகிக் கிடந்தது. தன் தகர டப்பாவிலிருந்து, அந்த முனை கருகாமல் காக்கும் கண்டன்சர் ஒன்றை எடுத்து மாட்டி, முனையைத் தேய்த்துவிட்டார். மைசூர்வரை வண்டி எங்கும் நிற்கவில்லை. அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். "ஈரத்துணி போட்டது பம்புக்கு. ஆனால் அந்த அரை மணியில் ஆறியது எல்லாமேதானே?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியை நீயும் மனதில் வைத்துக்கொள். ஆறினால் கிளம்புகிறது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கண்டன்சர் ஆறினாலும் கிளம்பும், காயில் ஆறினாலும் கிளம்பும், குழாயில் இருக்கும் ஆவி மறுபடி பெட்ரோல் ஆனாலும் கிளம்பும். டாங்கிக்குள் இருக்கும் துரு குழாய் வாயை அடைத்து, வண்டி நின்றதும் கீழே படிந்துவிட்டாலும் கிளம்பும். பட்டறைக்காரர்கள் பார்த்தது எப்போது? நீ கொண்டுபோய்விட்டு, ஆறிப்போன பிறகு. அப்போது வண்டியில் குறையே இல்லை. பிறகு எதைக் கண்டுபிடிப்பார்கள்? நின்ற அந்த நிமிடத்தில் பார்க்க வேண்டும்.

ஆனால் திம்பத்தில் இறங்கிப் பார்க்காதே. அது புலிகள் காப்பகம், யானை எந்த நேரமும் குறுக்கே வரும். மைசூரில் உன் வீட்டு வாசலிலேயே, திறந்த வெளியில், அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிடு. நிற்கவில்லை என்றால் பக்கத்துச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வா. மாப்பிள்ளையும் கூட இருக்கட்டும்.

முதலில் காதால் கேள். நிற்கிறது என்றாய், எப்படி நிற்கிறது என்று நீ சொல்லவில்லை. கரண்ட் போனால் சாவியைத் திருப்பியதுபோல் பட்டென்று அணையும். பெட்ரோல் வரத்துக் குறைந்தால் இழுவை மெல்லப் போகும், தடுமாறும், பிறகுதான் அணையும். தடுமாறும்போது, பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கைச் சிறிது இழுத்துப் பார். உயிர் வந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமாகிக் கரும்புகை வந்தால் பெட்ரோல் கூடிவிட்டது. சோக் கேபிள் முழுவதும் திரும்பாமல் பாதியில் சிக்கியிருக்கலாம். கண்டன்சர் கெட்டால் பொறி விட்டுவிட்டு வந்து மிஸ்ஸிங் அடிக்கும், சைலன்சரில் வெடிச்சத்தமும் வரலாம்.

நின்றதும் முதல் வேலை டாங்கி மூடியைத் திறப்பது. காற்று உள்ளே "புஸ்" என்று பலமாக இழுத்தால் மூடியில் உள்ள சிறு துளை அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போக வழியில்லாததால் பம்பால் பெட்ரோலை இழுக்க முடியவில்லை. இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை என்பதாலோ என்னவோ, யாரும் செய்வதில்லை.

அடுத்து கரண்ட். பெட்ரோல் குழாய் எதையும் கழற்றுவதற்கு முன் இதை முடித்துவிடு. காயிலின் நடு ஒயரை ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, அதன் முனை எஞ்சின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளி இருக்கும்படி வை. மாப்பிள்ளை செல்ஃப் அடிக்கட்டும். நீலமாக, "சட் சட்" என்று தடித்த பொறி வந்தால் காயிலும் கண்டன்சரும் நல்லவை. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராவிட்டாலோ, கண்டன்சரை மட்டும் மாற்றிப் பார். புதிது என்று நம்பாதே. இப்போது கடையில் வருவதில் மாட்டிய அன்றே கெட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மாட்டிய புதுக் காயிலுக்கும் இது பொருந்தும். பழைய காயிலைக் கேட்டு வாங்கி வை.

பொறி நன்றாக இருந்தால் பெட்ரோலைப் பார். காயிலுக்கு வரும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு, கார்பரேட்டரில் நுழையும் குழாயை எடுத்து ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். பீய்ச்சிப் பீய்ச்சி வர வேண்டும். குமிழியாக வந்தால் ஆவிதான், அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. இந்த எஞ்சினில் கார்பரேட்டரும், சூடான புகை வெளியேறும் சைலன்சர் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். சிந்தினால் தீ பிடிக்கும். அதனால் இதை மட்டும் கால் மணி நேரம் பொறுத்துச் செய், பக்கத்தில் ஈரச் சாக்கு வைத்துக்கொள். பயமாக இருந்தால் விட்டுவிடு; பொறி நன்றாக இருக்கிறது என்று தெரிந்தாலே பாதிக் கதை முடிந்தது. ரப்பர் குழாய்களையும் பார். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். நம் வண்டியில் இருக்கும் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இரண்டும் சரியென்றால்தான் எஞ்சின் பேச்சு. அப்போதும் முதலில் டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி. ஈயம் கலந்த பெட்ரோலை 2000 பிப்ரவரியோடு நாடு முழுவதும் நிறுத்திவிட்டார்கள். அந்த ஈயம் பழைய எஞ்சின்களில் வால்வு மூடி உட்காரும் இருக்கைக்குக் காப்பாக இருந்தது. அது இல்லாமல் இருக்கை தேயும், இடைவெளி குறையும், சூடேறி நீளும்போது வால்வு முழுதாக மூடாது. இழுவை குறைந்தால் அதற்கு இதுவும் காரணமாகலாம். பிரிக்காமலே, சூடாக இருக்கும்போது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்க்கச் சொல்.

இன்னொரு வழியும் தோன்றுகிறது. வண்டி ஆறியிருக்கும்போது ஓடவிட்டு, உன் ஹேர் டிரையரால் டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் சூடாக்கிப் பார், பிறகு காயிலை மட்டும். கார்பரேட்டர் பக்கம் கொண்டுபோகாதே. அன்று நான் எல்லாவற்றையும் சேர்த்து ஆறவிட்டேன். நீ ஒவ்வொன்றாகச் சூடாக்கு.

விற்றுவிடலாமா என்று கேட்டாய். விற்பதானால் விற்று விடு, எனக்கு வருத்தமில்லை. ஆனால் என்ன குறை என்று தெரியாமல், சலித்துப்போய் விற்காதே.

பார்சலில் ஒரு தகர டப்பா வரும். அதில் நான் ஓட்டிப் பார்த்து நல்லதென்று தெரிந்த கண்டன்சர் இரண்டு, பாயிண்ட் செட் ஒன்று, இடைவெளி அளக்கும் என் ஃபீலர் கேஜ் இருக்கும். பாயிண்டுக்கும் டேப்பெட்டுக்கும் ஒரே அளவுதான், 15; அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. கேஜின் தகடுகளில் எண்கள் தேய்ந்துவிட்டன. அந்தத் தகட்டுக்கு மட்டும் அம்மா சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா