மடிக்கணினியின் நினைவகம்: பெட்டியின் மேல் அச்சிட வேண்டிய ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேகம் குறைந்துபோன மடிக்கணினியைக் கழித்துக் கட்டாமல், அதன் நினைவகத்தை, அதாவது ராமை, வீட்டிலேயே கூட்டிக்கொள்ளலாம் என்று எடுத்துச் சொல்லும் கட்டுரையைத் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் மகிழ்ச்சியோடு படித்தேன். கணினியின் அடிமூடியைத் திறக்கவே தயங்குகிற வாசகர்களுக்கு அது தெம்பூட்டியிருக்கும். ஆனால் கட்டுரை திருகாணிகளைக் கழற்றும் இடத்தில் தொடங்கி, மூடியைப் பொருத்தும் இடத்தில் முடிந்துவிட்டது. முதன்முறை முயல்பவர் பெரும்பாலும் தடுமாறுவது அதற்கு முந்தைய கட்டத்தில்தான்: தம் கணினிக்கு ராம் தேவையா, தேவையென்றால் எந்த வகை, அதைப் பொருத்த இடம் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமலே அவர் கடைக்குப் போய்விடுகிறார். தவறான பொருளை வாங்கி வந்து, திருப்பித் தரவும் வழியில்லாமல் கைபிசைந்து நிற்பவர்கள் பலரைப் பார்த்திருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கணினி மெதுவாக இயங்குவதற்கெல்லாம் ராம் பற்றாக்குறையே காரணம் என்று கொள்ள முடியாது. விண்டோஸ் உள்ள கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அன்றாடம் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு அதில் உள்ள பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பார்க்க வேண்டும். எதையும் திறக்காமல் பார்ப்பதில் பயனில்லை. மெமரி என்ற வரியில் மீதம் இருப்பது மிகவும் குறைந்துபோய், ஒவ்வொரு முறை நிரல் மாற்றும்போதும் கணினி திணறினால், ராம் போதவில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ராமில் இடம் தீர்ந்ததும் இயங்குதளம் அங்கிருந்த தரவுகளில் ஒரு பகுதியை வட்டுக்கு மாற்றி எழுதுகிறது. வட்டு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ராமின் வேகத்துக்கு ஈடாகாது என்பதால்தான் அந்தத் திணறல். மாறாக, மெமரியில் பாதி காலியாக இருந்து, டிஸ்க் என்ற வரி மட்டும் எப்போதும் நூறு சதவீதத்தை ஒட்டி நின்றால், உள்ளே இருப்பது சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்காக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட கணினிக்கு ராம் வாங்குவதைவிட, சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டான எஸ்எஸ்டி வாங்குவதே மேல். விசிறியில் தூசி அடைத்துச் சூடேறும் கணினியும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் ராம் மருந்தாகாது.

512 ஜிபி என்று எழுதியிருப்பதைக் காட்டி, இவ்வளவு நினைவகம் இருந்தும் ஏன் மெதுவாக இருக்கிறது என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அது கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடத்தின் அளவு. ராம் என்பது 4, 8, 16 என்ற சிறிய எண்களில் குறிக்கப்படுவது. விற்பனை விளம்பரங்கள் இரண்டையும் அடுத்தடுத்து, வேறுபாடு விளங்காதபடி அச்சிடுவதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் கருத்து.

அடுத்து, ராமின் வகை. மேசைக் கணினிக்குரிய ராம் கார்டு நீளமானது. மடிக்கணினிக்குரியது அதில் ஏறக்குறைய பாதி நீளமே இருக்கும். இதற்குச் சோடிம் என்று பெயர். அதிலும் தலைமுறைகள் உண்டு; டிடிஆர் என்ற பெயரை அடுத்து வரும் எண்தான் தலைமுறையைக் குறிக்கும். டிடிஆர்3 வகைச் சோடிமில் 204 தொடுமுனைகள், டிடிஆர்4-இல் 260, டிடிஆர்5-இல் 262. விளிம்பில் உள்ள வெட்டுப்பள்ளமும் தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறியிருக்கும். ஆகவே ஒன்றின் ஸ்லாட்டில், அதாவது கார்டைச் செருகும் இடத்தில், மற்றொன்று உட்காராது. உட்காரவில்லையே என்று பலத்தைப் பிரயோகித்தால் ஸ்லாட்தான் உடையும். மின்னழுத்தமும் வேறுபடுகிறது: டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1. இவற்றுள் மிகவும் ஏமாற்றக்கூடியது டிடிஆர்3-க்கும் டிடிஆர்3எல் என்பதற்கும் உள்ள வேறுபாடு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒரே ஸ்லாட்டில் பொருந்தவும் செய்யும். ஆனால் இரண்டாவது 1.35 வோல்ட்டில் இயங்குவது. அந்த அழுத்தத்தை மட்டுமே தரும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் கார்டைப் போட்டால், கார்டு நல்லதாக இருந்தும் கணினி எழும்பாமல் போகலாம். பழைய கணினிக்கு ராம் தேடுபவர்கள் அந்த ஒற்றை எழுத்தைக் கவனித்தே ஆக வேண்டும்.

வேகத்தைக் குறிக்கும் எண்ணைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டியதில்லை. 2666 வேகத்துக்கு மேல் ஏற்காத கணினியில் 3200 கார்டைப் போட்டால் அது பொதுவாக 2666-இலேயே ஓடும். வெவ்வேறு வேகமுள்ள இரண்டைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும். சில ஒட்டுச்சீட்டுகளில் பிசி4-25600 என்று இருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். 3200-ஐ எட்டால் பெருக்கிய தொகைதான் அது. ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு கார்டுகளை இணையாகப் போடுவதில் உண்மையான ஆதாயம் இருக்கிறது. அப்போது இரு தடங்களிலும் ஒரே நேரத்தில் தரவு போய்வருவதால், தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாமல் ராமையே பங்கிட்டுக்கொள்ளும் கணினிகளில் படக்காட்சி தொடர்பான வேலைகள் தெளிவாகவே வேகமடையும். ஒரே ஒரு 8 ஜிபி கார்டு உள்ளவர், மற்றொரு ஸ்லாட் காலியாக இருந்தால், அதே வகையில் இன்னொரு 8 ஜிபி வாங்கிச் சேர்ப்பதே நான் பரிந்துரைக்கும் வழி.

இனி இக்கடிதத்தின் முக்கியமான செய்திக்கு வருகிறேன். ஸ்லாட்டே இல்லாத மடிக்கணினிகள் இன்று பெருகிவிட்டன. அவற்றில் நினைவகச் சிப்புகள் கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய நாளில் இருந்த அளவுதான் கடைசி வரைக்கும். ஆப்பிள் நிறுவனம் 2012-இல் ரெட்டினா திரையுடன் வெளியிட்ட மேக்புக் புரோவில் இப்படிச் செய்தது. 2020-இல் வந்த எம்1 சிப்பில் நினைவகம் செயலியின் உறைக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. மெல்லிய விண்டோஸ் மடிக்கணினிகள் பலவும் எல்பிடிடிஆர் என்ற, மின்சாரத்தைக் குறைவாகச் செலவழிக்கும் நினைவகத்தைப் பற்றவைத்தே வருகின்றன. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் இல்லாமல் இல்லை. சிப்புக்கும் செயலிக்கும் இடையிலான தூரம் குறைந்தால் வேகத்தைக் கூட்டலாம், மின்சாரம் மிச்சமாகும், கணினியின் தடிமனும் குறையும். இதை நான் மறுக்கவில்லை. பற்றவைக்கப்பட்ட செய்தியை வாங்குபவருக்குச் சொல்லாமல் விடுவதுதான் என்னை வருத்துகிறது. 8 ஜிபி ராம் என்று பெரிய எழுத்தில் அச்சிடுபவர்கள், அதைக் கூட்ட முடியாது என்பதைச் சிறிய எழுத்தில்கூட அச்சிடுவது அரிதாக இருக்கிறது. இப்போதைக்கு இது போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பில் குறைந்த விலைக் கணினியை வாங்கும் மாணவர், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அதன் மூடியைத் திறந்த பிறகுதான் உண்மையை அறிகிறார். அப்போது அவருக்கு மிஞ்சுவது முழுக் கணினியையும் மாற்றும் வழி ஒன்றே. ஐக்கிய நாடுகள் அவையின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே. ஒரு கார்டைச் சேர்த்திருந்தால் இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்கக்கூடிய கணினிகளும் அந்தக் குவியலில் போய்ச் சேர்கின்றன என்பதை எண்ணும்போது மனம் பதைக்கிறது.

மாற்று இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. நினைவகத் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு, மெல்லிய கணினிகளிலும் கழற்றி மாற்றத்தக்க காம்2 என்ற புதிய வடிவத்துக்கான தரத்தை 2023 டிசம்பரில் வெளியிட்டது. எல்பிடிடிஆர் நினைவகத்தையே கழற்றக்கூடியதாக ஆக்கும் வகையும் அதில் உண்டு. 2024-இல் லெனோவோவின் திங்க்பேட் பி1 வரிசையில் அது விற்பனைக்கும் வந்துவிட்டது. அது எல்லா விலைகளிலும் பரவுவதற்குக் காலம் பிடிக்கலாம். அதுவரையில் உண்மையைப் பெட்டியின் மேல் அச்சிடுவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை அல்லவா?

தம் கணினி எந்த வகை என்று அறிய, முன்பு சொன்ன டாஸ்க் மேனேஜரிலேயே ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியைப் பார்க்கலாம். சோடிம் என்று இருந்தால் கழற்றக்கூடிய கார்டு இருக்கிறது என்று பொருள். ரோ ஆஃப் சிப்ஸ் என்று இருந்தால் பற்றவைக்கப்பட்டது. மொத்த ஸ்லாட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். பற்றவைத்த சிப்புகளையும் சில கணினிகள் ஸ்லாட் என்றே கணக்கிட்டுக் காட்டுகின்றன. இதைவிட நம்பகமானது அந்த மாடலுக்குரிய சர்வீஸ் கையேடு. லெனோவோ, டெல், ஹெச்பி போன்ற நிறுவனங்கள் இவற்றை யாரும் தரவிறக்கிக்கொள்ளும்படி தங்கள் தளங்களில் வைத்திருக்கின்றன. ஸ்லாட் எத்தனை, அதிகபட்சம் எவ்வளவு, மூடியை எங்கிருந்து நெம்ப வேண்டும் என்ற எல்லாமே படத்துடன் அதில் இருக்கும். கையேட்டில் உள்ள அதிகபட்ச அளவைத் தாண்டியும் சில கணினிகள் ஏற்பதுண்டு. ஆயினும் முதல்முறை செய்பவர் அந்தச் சோதனையில் இறங்க வேண்டாம் என்பேன். இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: விண்டோஸின் பழைய வகையான 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர் எவ்வளவு ராம் போட்டாலும் சாதாரணப் பதிப்புகள் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.

இவ்வளவும் முடிந்தால் கைவேலை எளிது. கணினியை உறக்க நிலையில் விடாமல் முழுவதுமாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்க வேண்டும். கழற்றக்கூடிய பேட்டரியானால் முதலில் அதைக் கழற்ற வேண்டும். உள்ளே பொதிந்த பேட்டரியானால் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பை விடுவிக்க வேண்டும். அதன் பிறகு பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் எஞ்சிய மின்சாரமும் வடிந்துவிடும். பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் அத்தோடு நிறுத்திக்கொண்டு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதை அழுத்துவதோ குத்துவதோ தீப்பற்றலில் முடியக்கூடும். திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை என்பதால், எந்தத் துளையிலிருந்து எது வந்தது என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. நீளமானதைக் குட்டைத் துளையில் முறுக்கினால் மேற்பக்கம் விசைப்பலகை வரை சேதமாகலாம். உடலில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் கைக்கு உறைக்காத அளவில் இருக்கும்போதே சிப்புக்குக் கேடு செய்ய வல்லது. எனவே கார்டைத் தொடுமுன் தரையோடு தொடர்புள்ள ஏதேனும் உலோகத்தைத் தொட்டுவிட்டு, கார்டின் இரு ஓரங்களை மட்டும் பிடிக்க வேண்டும்.

பழைய கார்டை எடுக்க, இருபக்கமும் உள்ள சிறு கவ்விகளை வெளிப்புறமாக விலக்கினால் அது தானாகவே மேலெழும். புதியதைச் சாய்வாக, ஏறக்குறைய முப்பது பாகைக் கோணத்தில், பள்ளம் பொருந்தும்படி ஸ்லாட்டின் அடி வரை செருகி, பிறகு கவ்விகள் சொடுக்கும் ஒலி கேட்கும் வரை கீழே அமர்த்த வேண்டும். பொன்னிறத் தொடுமுனைகள் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் தெரிந்தால் கார்டு கோணலாக இருக்கிறது.

கணினியை முதன்முறை இயக்கும்போது திரை சற்று நேரம் இருண்டே இருக்கலாம். புதிய நினைவகத்தை அது சோதித்துப் பழகிக்கொள்கிறது. குறிப்பாக டிடிஆர்5-இல் இதற்குச் சில நிமிடங்களும் ஆகலாம் என்பது தெரியாமல், பதற்றத்தில் உடனே அணைத்துவிடுபவர்கள் உண்டு. நெடுநேரமாகியும் ஒன்றும் வராவிட்டால், மின்சாரத்தை மறுபடி துண்டித்து, கார்டை எடுத்து மீண்டும் செருகிப் பார்க்க வேண்டும். சரியாக அமராததே பெரும்பாலும் காரணமாக இருக்கும். இயங்கத் தொடங்கிய பிறகு, விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனையை ஒருமுறை ஓட்டிவிடுவது, திருப்பித் தருவதற்கான கெடு முடிவதற்குள் குறையைக் கண்டுபிடிக்க உதவும்.

உத்தரவாதம் போய்விடுமே என்ற அச்சமும் பலரைத் தடுக்கிறது. முத்திரைச் சீட்டைக் கிழித்தால் உத்தரவாதம் செல்லாது என்று மிரட்டுவது சட்டப்படி சரியாகாது என அமெரிக்காவின் வணிக ஆணையம் 2018-இல் ஆறு நிறுவனங்களை எச்சரித்தது. மற்ற நாடுகளில் விதி வேறாக இருக்கலாம் என்பதால், திறக்குமுன் தம் உத்தரவாதத் தாளைப் படித்துக்கொள்வதே பாதுகாப்பு.

தங்கள் நாளிதழ் புதிய மடிக்கணினிகளைப் பற்றிய மதிப்புரைகளைத் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. திரையின் ஒளிர்வையும் கேமராவின் தரத்தையும் விரிவாகச் சொல்லும் அவற்றில், ராம் பற்றவைக்கப்பட்டதா, காலி ஸ்லாட் எத்தனை, அதிகபட்சம் எவ்வளவு கூட்டலாம் என்ற மூன்று விவரங்களையும் ஒரே வரியில் தவறாமல் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தயாரிப்பாளர் அந்த விவரத்தைத் தர மறுத்தால், தரவில்லை என்பதையே அந்த வரியில் அச்சிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர் ஒருவர்