வியட்நாம் பேக்பேக்கிங் திட்டத்தில் பிழைகள்: திருத்தமும் பணமும் கோரி

அனுப்புநர்:
பயணக் குழுவினர் நால்வர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600 081.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
எம்.சி. ரோடு கிளை, பழைய வண்ணாரப்பேட்டை.

பொருள்: நவம்பர் மாத வியட்நாம் பயணத் திட்டம் – குறைகள் குறித்து.

ஐயா / அம்மா,

கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய பிடிஎஃப்பை வரி விடாமல் படித்தோம். ஹோட்டல் படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. பயணம்தான் நடக்காது.

முதலில் விசா. ஹனோயில் இறங்கி, தெற்கே ஹோ சி மின் நகரம் வந்து, பஸ்ஸில் மோக் பாய் எல்லையைத் தாண்டிக் கம்போடியாவின் நோம் பென். பிறகு அதே வழியில் திரும்பி ஹோ சி மின்னில் விமானம். இது உங்கள் அட்டவணை. எடுத்துத் தந்திருப்பதோ 25 டாலர் சிங்கிள் என்ட்ரி (ஒரே ஒரு முறை நுழையும்) இ-விசா. அதில் 90 நாள் என்று போட்டிருந்தாலும், மோக் பாயில் வெளியேறும் முத்திரை விழுந்ததும் அது செல்லாது. திரும்பும்போது உள்ளே விட மாட்டார்கள். இதற்கு 50 டாலர் மல்டிபிள் என்ட்ரி (பலமுறை நுழையும்) விசா வேண்டும். கட்டிய பணம் திரும்பாது, புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஊர் திரும்பும் விமானத்தை நோம் பென்னிலிருந்து போட்டிருந்தால் இந்த 25 டாலர் விசாவே போதும். அந்த யோசனைகூட யாருக்கும் வரவில்லை.

அடுத்தது வடக்கே ஹா ஜியாங் மலைச்சுற்று. ஆளுக்கொரு 125 சிசி வண்டி, "ஆர்.டி.ஓ.வில் 1,000 ரூபாய் கட்டி ஐடிபி வாங்கிக்கொள்ளவும்" (வெளிநாட்டில் வண்டி ஓட்டுவதற்கான சர்வதேச அனுமதி) என்று குறிப்பு. நம்மூர் ஆர்.டி.ஓ. தரும் அந்தச் சிறுபுத்தகம் 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி ஆனது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா உடன்படிக்கைப்படி ஆனதை. ஆக, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டினாலும் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்குதான். போலீஸ் போடும் அபராதமாவது கட்டிவிட்டு வரலாம். மா பி லெங் கணவாய் வளைவில் சறுக்கிக் கால் உடைந்தால், செல்லாத லைசென்ஸைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் 'ஈசி ரைடர்' ஏற்பாடு அங்கே பல வாடகைக் கடைகளில் உண்டு. அதைத்தான் போட்டிருக்க வேண்டும்.

"ஹுவே – ஹோய் ஆன் ரயில்" என்கிறீர்கள். ஹோய் ஆனில் ரயில் நிலையமே கிடையாது. டா நாங்கில் இறங்கிச் சுமார் 30 கி.மீ. காரில் போக வேண்டும். அதைவிட, அக்டோபர், நவம்பரில் ஹோய் ஆனில் அடைமழை, து போன் ஆறு பெருகினால் பழைய நகரத் தெருக்களில் படகு ஓடும். அந்த நாட்களில் போய் "கடற்கரை ஓய்வு"! அதே நவம்பரில் வடக்கே வானிலை அருமை. அந்த நாட்களை அங்கே சேர்த்துவிட்டு, ஹனோயிலிருந்து நேராக ஹோ சி மின்னுக்கு உள்நாட்டு விமானம் போடுங்கள்.

எங்கள் கோரிக்கைகள்: திட்டக் கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தர வேண்டும், நால்வருக்கும் மல்டிபிள் என்ட்ரி விசா உங்கள் செலவில் எடுக்க வேண்டும், திருத்திய அட்டவணையை எழுத்து மூலம் அனுப்ப வேண்டும். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்போம். பணம் கட்டிய ரசீது, விசா நகல், உங்கள் பிடிஎஃப் மூன்றையும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பயணக் குழுவினர்