வேட்டங்குடி பறவைகள் சரணாலயப் பயணம்: எட்டாம் வகுப்புப் பெற்றோர்களுக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவ மாணவியரை வரும் டிசம்பர் மாத இரண்டாம் சனிக்கிழமை காலை சிவகங்கை மாவட்டத்திலுள்ள வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்திற்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டுள்ளோம். மேலூர் – திருப்பத்தூர் சாலையில் அடிக்கடி பேருந்தில் போய்வரும் பிள்ளைகளில் கூட, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்க் கரையில் இறங்கி நின்று பார்த்தவர்கள் மிகச் சிலரே என்பது வகுப்பில் விசாரித்தபோது தெரியவந்தது.

பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி ஆகிய மூன்று கண்மாய்களையும் சேர்த்து 1977ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவித்தார்கள். மொத்தப் பரப்பு 40 ஹெக்டேருக்கும் குறைவுதான். வேடந்தாங்கலில் காணும் மக்கள் கூட்டமும் இங்கு இராது. நடந்து பார்க்கவும் பொறுமையாகக் கவனிக்கவும் பழக வேண்டிய பிள்ளைகளுக்கு இதுவே ஏற்ற இடம் என்று கருதுகிறோம்.

வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிரம்பிய பின், நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுகின்றன. நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், பகலெல்லாம் கிளையில் உறங்கும் வக்கா ஆகியவற்றைப் பிள்ளைகள் அடையாளம் காணப் பழகுவார்கள். நத்தைகுத்தி நாரையின் அலகு மூடியிருக்கும்போதும் அதன் நடுவே இடைவெளி தெரியும் என்பதையும், குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இல்லாமல் வளர வளரவே அது உண்டாகிறது என்பதையும் படத்தில் காட்டிவிடலாம். ஆனால் தாய்ப்பறவையையும் குஞ்சையும் ஒரே கூட்டில் பார்த்துத் தானாகக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு நாங்கள் எதையும் விளக்க வேண்டியிராது.

இப்பயணத்தில் நாங்கள் மிகக் கண்டிப்பாக இருக்கப்போவது அமைதி குறித்தே. கூச்சல் கேட்டுத் தாய்ப்பறவைகள் எழுந்து பறந்தால், காவலற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் காகங்கள் கவர்ந்துவிடும். இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலிலும் வாடும். இதனை நன்கறிந்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குக் கூடப் பட்டாசு வெடிப்பதில்லை. தங்கள் பிள்ளைகளின் பண்டிகை மகிழ்ச்சியையே விட்டுக்கொடுத்த ஊருக்கு நாம் விருந்தினராகச் செல்கிறோம் என்பதால், இதை இன்பச்சுற்றுலா என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் இசைந்தால், அவர்களிடம் சிறிது நேரம் பேசவும் வாய்ப்பளிக்க எண்ணியுள்ளோம்.

காலை ஆறு மணிக்குப் பள்ளியிலிருந்து புறப்பட்டு, நண்பகலுக்குள் திரும்பிவிடுவோம். வெள்ளை, சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களைத் தவிர்த்து மங்கிய நிற உடையும், கரையில் நடக்க ஏற்ற காலணியும் அணிவித்து அனுப்புங்கள். குடிநீர், குறிப்பேடு, பென்சில், டப்பாவில் காலை உணவு ஆகியவை போதும். நொறுக்குத்தீனிப் பொட்டலங்களும் கைப்பேசியும் கூடாது. தொலைநோக்கி வைத்திருக்கும் பெற்றோர் ஒருநாள் இரவல் தந்தால் நன்றியுடன் பெற்றுக்கொள்வோம். பிள்ளைக்கெனப் புதிதாக வாங்க வேண்டிய தேவையில்லை.

மழை பொய்த்துக் கண்மாய் நிரம்பாவிட்டால் பறவைகள் கூடு கட்ட வாரா. அவ்வாறாயின் பயணம் ஜனவரிக்கு ஒத்திவைக்கப்படும். மூச்சிரைப்பு, ஒவ்வாமை போன்றவை உள்ள பிள்ளைகளைப் பற்றி வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே தெரிவிக்கவும். இத்துடன் உள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு நவம்பர் மாத இறுதிக்குள் அனுப்பிவைக்குமாறு வேண்டுகிறேன். படிவம் வராத மாணவர்களை அழைத்துச் செல்ல இயலாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்