மறையூர் முனியறைப் பாறையில் கைகொடுத்தவர்களுக்கு

மறையூர், காந்தளூர் முதலான ஐந்து ஊர்கள் சேர்ந்த அஞ்சுநாட்டு மக்களுக்கு வணக்கம்.

போன ஐப்பசியில் உடுமலையிலிருந்து கேரள மலையிலிருக்கும் உங்கள் ஊருக்கு நடக்க வந்த கூட்டத்தில் நானும் ஒருத்தி. தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், ஒரு தடவையாவது மலைக்காற்றில் நடப்போம் என்று கிளம்பி வந்தவர்கள் நாங்கள். கூட்டத்திலேயே மூத்தவர் என் மாமனார். முனியறைப் பாறையில் வழுக்கி விழுந்து, நீங்கள் டோலி கட்டித் தூக்கி வந்தீர்களே, அந்தப் பெரியவர்தான். இப்போது நன்றாக இருக்கிறார். கடைத்தெருவரைக்கும் தனியாகப் போய்வருகிறார், யாராவது பிடிக்கப் போனால் கோபித்துக்கொள்கிறார். அன்றைக்கு இருந்த பரபரப்பில் உங்களில் பலருடைய பெயரைக்கூடக் கேட்க நேரமில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தப் பாறையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு மேலே மரம் மட்டை இல்லாத ஒரு பெரிய பாறைவெளி. அதன்மேல் ஆங்காங்கே கற்பலகைகளை நாலு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகையை மூடியாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். முனிவர்கள் தவம் இருந்த அறை என்பது ஊர்ச்சொல். பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காக எழுப்பியவை என்கிறார்கள் தொல்லியல்காரர்கள். அங்கே நின்றால் கீழே கரும்புக்காடு, அதற்குள் புகை விடும் வெல்ல ஆலைக்கொட்டகைகள், தூரத்தில் பாம்பாறு, எதிரே காந்தளூர் மலை எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போடுகிறவர்களையும், கற்பலகையில் காதலி பெயரைக் கீறுகிறவர்களையும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. சரி, அது வேறு கதை.

சாரல் விழுந்து பாறை நனைந்திருந்தது. இறங்கும்போது மாமாவின் கால் பிசகியது. அவர் போட்ட சத்தத்தைவிட நாங்கள் போட்ட சத்தம்தான் அதிகம். கீழே கரும்பு வெட்டிக்கொண்டிருந்த தம்பிமார் மூன்று பேர் அரிவாளைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார்கள். வந்தவுடன் கணுக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஐயா, கால ஊன வேண்டாம்” என்றார் ஒருவர். இன்னொருவர் வந்த வேகத்திலேயே திரும்பி ஆலைக்கு ஓடினார். எதற்கு ஓடுகிறார் என்றே எங்களுக்குப் புரியவில்லை.

இரண்டு மூங்கில் கழியும் இரண்டு சாக்கும் கயிறுமாகத் திரும்பி வந்தார். சாக்கின் அடிமூலைகளை அரிவாள் நுனியால் கீறி, வாய் வழியாகக் கழியை விட்டு, கீறின ஓட்டை வழியாக வெளியே இழுத்தார்கள். இரண்டு சாக்கையும் அடுத்தடுத்துக் கோத்து, கழிகள் நெருங்கி வராமல் இருக்க இரண்டு முனையிலும் குறுக்குக் கட்டை வைத்துக் கட்டினார்கள். அவ்வளவுதான், டோலி தயார். நாங்கள் 108க்குக் கூப்பிட சிக்னல் தேடிக்கொண்டிருந்த நேரத்துக்குள் மாமாவைப் படுக்கவைத்துத் தூக்கிவிட்டார்கள். “மலையில பழக்கந்தான் அக்கா. ரோடு வராத குடியிலிருந்து பிரசவத்துக்குக்கூட இப்படித்தான்” என்று ஒரு தம்பி சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அதைக் கேட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நாங்கள் பொழுதுபோக்காக நடக்கிற பாதையில்தான் அவர்கள் வீட்டுப் பெண்கள் வலியோடு இறங்கி வருகிறார்கள்.

வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஆலையில் சக்கை காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, தன் கம்பளியைக் கொண்டுவந்து மாமா மேல் போர்த்திவிட்டார். ஜீப் ஓட்டிவந்த சேட்டனுக்குத் தமிழ் அரைகுறை, எங்களுக்கு மலையாளம் அரைகுறை. “சேச்சி, பேடிக்கண்டா” (அக்கா, பயப்படாதீங்க) என்று ஆஸ்பத்திரி வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். காசு கொடுத்தபோது டீசலுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் கையிலேயே திணித்தார். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை, ஜவ்வுதான் இழுத்திருக்கிறது என்று கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அன்றைக்கு இரவுப் பணியில் இருந்த நர்ஸ் சகோதரிகளுக்கும் நன்றி.

திரும்பிவிடலாம் என்றுதான் நாங்கள் பேசிக்கொண்டோம். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. “நான் ஆலையில உட்கார்ந்துக்கறேன், நீங்க நடங்க” என்றார். ஆலைக்காரர்களும் ஒரு கயிற்றுக்கட்டிலைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் காட்டுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் அவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். சாறு கொப்பரையில் ஏறும்போதே கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள், அழுக்கு நுரையாக மேலே ஒதுங்கும், அதைச் சலிக்காமல் வழித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்புக்கு வேறு விறகு வேண்டாம், சாறு பிழிந்த சக்கையே காய்ந்து எரிகிறது. பதம் வந்ததும் மரத்தொட்டியில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடிக்கிறார்கள். உருண்டையின்மேல் பிடித்தவரின் விரல் தடம் அப்படியே இருக்கும். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று செய்தியில் படித்திருந்தோம். பதம் பார்க்கிற பெரியவர் ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பதை மாமா கட்டிலில் இருந்தபடியே பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததிலிருந்து கடை வெல்லத்தைத் தொடுவதில்லை. அந்தத் தொல்லைக்கும் நீங்கள்தான் காரணம்.

அடுத்து நான் நன்றி சொல்ல வேண்டியவர், எங்களைப் போகவிடாமல் தடுத்தவர்.

சின்னார் சரணாலயத்தில் ஆலாம்பெட்டியிலிருந்து தூவானம் அருவிக்கு நடக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பயணத்தின் பெரிய ஆசை. வழிகாட்டியாக வந்த அண்ணன் முதுவான் பழங்குடியைச் சேர்ந்தவர். பேச்சு குறைவு. முன்னால் போவார், நிற்பார், காற்றை முகர்வார், கையை அசைத்தால் நாங்கள் நகர வேண்டும். கொஞ்ச தூரத்தில் பாதை நடுவே யானை லத்தி கிடந்தது. குனிந்து புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். இன்னும் சூடு இருந்தது. பக்கத்தில் ஒடிந்த மூங்கிலில் சாறு கசிந்துகொண்டிருந்தது. “குட்டியோட நிக்குது. இன்னிக்கு வேண்டாம்” என்றார்.

எங்களில் ஒருவர் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்றார், இன்னொருவர் கட்டின பணத்தைப் பற்றிப் பேசினார், ஓரமாகப் போய்விடலாமே என்று யோசனை சொன்னவரும் உண்டு. அவர் யாருக்கும் பதில் சொல்லாமல் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார். வேறு வழியில்லாமல் நாங்களும் திரும்பினோம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் நடைபயணம் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்துபோனதை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க முடியாது. காட்டில் ‘வேண்டாம்’ என்று சொல்ல ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அன்றைக்கு முணுமுணுத்தவர்களுக்கும் இப்போது தெரியும். அண்ணா, உங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பியதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அதற்கு ஈடாக அவர் ஆற்றோரம் அழைத்துப் போனார். பாம்பாற்றங்கரை நீர்மருது மரத்தின் உச்சியில் சாம்பல் மலை அணில் ஒன்று வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. அவர் காட்டியிருக்காவிட்டால் காய்ந்த கிளை என்றே நினைத்திருப்போம். தூவானத்தை ரோட்டிலிருந்தே பார்த்தோம், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் மெல்லிய வெள்ளைக் கோடாக. மூணாறில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும்போது சின்னாரில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் பெய்கிறது. மலை மறைவில் கிடக்கிற முள்ளும் கள்ளியுமான காடு. கேரளத்தில் இருக்கிறோமா, நம்ம உடுமலைப் பக்கத்துக் காட்டில் இருக்கிறோமா என்று சந்தேகமே வந்துவிடுகிறது. பாம்பாறும் கிழக்கே ஓடி அமராவதியில்தான் சேர்கிறது. எங்கள் வாய்க்காலில் வரும் தண்ணீர் உங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது, அதற்கும் சேர்த்து நன்றி சொல்லிவிடுகிறேன்.

சந்தனக்காட்டுக் காவலர்களையும் விடக்கூடாது. ரோட்டோர மரங்களுக்கெல்லாம் எண் போட்டு, வேலி கட்டி, ராத்திரி முழுக்க டார்ச்சோடு நடக்கிறீர்கள். நாங்கள் விடியற்காலையில் ஆர்வக்கோளாறில் கிளம்பியபோது, வெளிச்சம் வரட்டும் என்று நிறுத்திக் கட்டன்சாயா கொடுத்தீர்கள். சர்க்கரை தூக்கல்தான், ஆனாலும் அந்தக் குளிருக்கு அமிர்தம்.

காந்தளூரில் மழைக்கு ஒதுங்கிய வீட்டுப் பாட்டியைப் பற்றி எழுதினால் இந்த மடல் முடியாது. உத்தரத்தில் கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்கியது. விதைக்கு எடுத்து வைத்தது என்றார். அடுப்புப் புகை படப் படத்தான் கெடாமல் இருக்குமாம். மதுரைப் பக்கமிருந்து அந்தக் காலத்தில் தப்பி வந்த முன்னோர், பாலைத் தொட்டுச் சத்தியம் செய்து மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்று ஐந்து ஊராக உட்கார்ந்த கதையை நேற்று நடந்ததுபோலச் சொன்னார். அப்புறம் கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் மரம் வந்து ஓடைத் தண்ணீரை உறிஞ்சிவிட்டது என்று திட்டினார். கிளம்பும்போது ஒரு கொத்துப் பூண்டை உருவி என் பையில் போட்டார். பாட்டி, அதில் பாதியைத் தொட்டியில் நட்டுப் பார்த்தேன். உடுமலை வெயிலுக்கு இலை மட்டும்தான் வருகிறது. அடுத்த முறை வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

இனி மறையூர்ப் பக்கம் நடக்கப் போகிறவர்களுக்கு எங்கள் கூட்டத்தின் சார்பில் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். அவர் திரும்பச் சொன்னால் பேரம் பேசாமல் திரும்புங்கள். வெல்லம் வாங்குவதாக இருந்தால் ஆலையிலேயே வாங்குங்கள்.

கம்பளி கொடுத்த அம்மாவுக்கு ஒரு தகவல். அதைத் துவைத்துக் காயவைத்து, மூணாறு பஸ் கண்டக்டர் அண்ணனிடம் மறையூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கொடுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். கூடவே மாமா உங்களுக்கென்று வாங்கிவைத்த புடவையும் இருக்கிறது. கீறிப்போட்ட சாக்குக்குப் பதிலாக ஆலைக்கும் ஒரு கட்டுப் புதுச் சாக்கு வருகிறது. கைக்கு வந்து சேர்ந்ததா என்று யாராவது சொல்லி அனுப்புங்கள். மாமா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உடுமலையிலிருந்து நடக்க வந்தவர்கள் எல்லோருக்குமாக,
அந்தப் பெரியவரின் மருமகள்