காபூல் வாசலில் நின்றவர்களுக்கு

காபூல் இந்தியத் தூதரகத்தைக் காத்த இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை வீரர்களுக்கும், எங்கள் ஆப்கன் ஓட்டுநர்களுக்கும் வணக்கம்.

போன மாதம் பணி ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் உங்களைப் பற்றிப் பேச வந்தபோது தொண்டை அடைத்துவிட்டது. அன்று விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

2009 தொடக்கத்தில் எழுத்தராக அங்கே வந்தேன். அதற்கு முந்தைய ஆண்டு ஜூலை 7 காலையில்தான் தூதரக வாசலில் கார் குண்டு வெடித்து 50 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். தூதரக அதிகாரிகள் பிரிகேடியர் ரவி தத் மேத்தா, வெங்கடேஸ்வர ராவ், உங்கள் வீரர்கள் அஜய் பதானியா, ரூப் சிங், விசாவுக்கு வந்த ஆப்கன் மக்கள்... முதல் நாள் நான் நுழைந்ததும் அந்த வாசல் வழியாகத்தான். பையைச் சோதித்த வீரர், "கானா காயா?" என்று இந்தியில் கேட்டார், சாப்பிட்டீர்களா என்று. கைநடுக்கம் அப்போதுதான் நின்றது.

குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத ஊர் அது. கடைத்தெருவுக்கு நடக்கக் கூடாது. வண்டி கிளம்பும் நேரமும் போகும் வழியும் மாறிக்கொண்டே இருக்கும். தெரிந்த வண்டிதான் என்றாலும் அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்து, மோப்ப நாய் சுற்றி வந்த பிறகே உள்ளே விடுவீர்கள். ஆரம்பத்தில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. மன்னியுங்கள்.

2009 அக்டோபர் 8 காலை மறுபடியும் வெடித்தது. என் மேசை முழுக்கக் கண்ணாடிச் சில்லு. தெருவில் 17 பேர் இறந்தார்கள். 2008க்குப் பிறகு பலப்படுத்திய பாதுகாப்பு எங்களைக் காப்பாற்றியது. ஆனால் காவலில் நின்ற உங்களில் மூன்று பேருக்குக் காயம். அந்தப் புகைக்குள்ளும் எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு எண்ணினீர்களே, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் என்னை வீட்டுக்குப் போன் பேச வைத்தவரும் உங்களில் ஒருவர்தான்.

ஓட்டுநர் அண்ணனுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அது சில வருட வேலை. உங்களுக்கோ அதுதான் ஊர். இந்தியர்களிடம் வேலை பார்க்கிறார் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தாலே ஆபத்து. தெரிந்தும் தினமும் காலையில் வந்து நின்றீர்கள்.

2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து நம் ஆட்களை விமானத்தில் அழைத்து வந்தபோது, மாயா, ரூபி, பாபி என்ற மூன்று மோப்ப நாய்களையும் உங்கள் படை விடாமல் கூட்டி வந்தது. டிவியில் பார்த்து நானும் என் மனைவியும் அழுதுவிட்டோம்.

பாளையங்கோட்டைப் பக்கம் யார் வந்தாலும் வீட்டுக்கு வாருங்கள். இந்த முறை "சாப்பிட்டீர்களா?" என்று நான் கேட்கிறேன்.